வங்காலை என்றொரு மாநிலம்

“ஒரு ஆளுக்கு ஒரு வோட்டு எண்டுறது…”

“அதைத்தானே மாஸ்டர் நானும் சொல்லுறன், ஒரு ஆளுக்கு ஒரு…”

“…எண்டுறது யோசிக்கத் தெரியாத நாடுகளின்ர பழக்கம். சீனித்தம்பி, நான் கதைச்சு முடிக்க…”

“நீங்க எப்ப முடிக்கிற? சங்கம் துவங்கின நாள்லயிருந்து கதைக்கிறீங்க!”

“அப்ப அமெரிக்கா என்ன, மூளையில்லாத நாடோ?”

“அமெரிக்காட மூளைக்கு இந்தப் பேஸ்மென்ற்றுக்குள்ள என்ன வேல, மாஸ்டர்?”

இரண்டு குரலும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, இரண்டும் சேர்ந்து தடுக்கி விழுந்த இடத்தில், பக்கத்து அறைக் கதவு திறந்தது. திரேசம்மா தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“பிள்ளையள் இப்பத்தான் கண்ணயருதுகள். ஜனநாயகத்தைக் கொஞ்சம் மெதுவாச் செய்யுங்கோவன்.”

கதவு மூடிக்கொண்டது. ஆனால் திரேசம்மா கதவைவிட்டு நகரவில்லை. பலகைச் சுவர்தான், காதை வைத்தால் அந்தப் பக்கம் மூச்சு விடுவதும் கேட்கும். அவள் காதை வைத்தாள். கேட்பதற்குக் காரணம் இருந்தது.

மொன்றியலின் கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலத்தடியில் ஒரு மண்டபமும் ஒரு சின்ன அறையும் உண்டு. ‘மொன்றியல் மாநகர் வாழ் ஈழத்தமிழர் அனைத்துக் கிராம ஒருங்கிணைப்புச் சங்கம்’ பாவிக்கட்டும் என்று பங்குத் தந்தை அவற்றை விட்டுக்கொடுத்திருந்தார். சங்கத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அதன் தலைவர் பேரின்பநாயகம் மாஸ்ரர் ஒருவர்தான். மண்டபத்தில் கூட்டம் நடக்கும். சின்ன அறையில், நத்தார்க் குடிலுக்குரிய சாந்து ஆடுகளையும் ஒரு கை உடைந்த சூசையப்பரையும் மூலைக்குத் தள்ளிவிட்டு, திரேசம்மா பிள்ளை பார்த்தாள். சபனெல் தெருவில் தையல் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள். விடிய முதல் கொண்டுவந்து விடுவார்கள், இருட்டிய பிறகு வந்து தூக்கிப் போவார்கள். நகரத்திலே கார்டெறி என்கிற பிள்ளைக் காப்பகங்கள் இல்லாமலில்லை. அங்கே பெயரைப் பதிந்தால், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் இடம் வந்துவிட்டதென்று கூப்பிடுவார்கள்.

அந்த அறையின் மேல்தான் மாஸ்ரருக்குக் கண். கூட்டக் குறிப்பில் அது இப்படி இருந்தது: ‘சிறிய அறையைத் தலைவர் அலுவலகமாகத் தரமுயர்த்தல். தேர்தலின் பின் பரிசீலிக்கப்படும்.’ அறைகளைப் பற்றிய முடிவு தலைவருடையது. ஆகவே யார் தலைவர் என்பது திரேசம்மாவுக்கு அரசியல் அல்ல. பிள்ளைகள் எங்கே படுப்பது என்பது.

சுவருக்கு அப்பால் மாஸ்ரர் தொடர்ந்தார். குரலை இறக்கியிருந்தார். அவர் குரலை இறக்கினால் விஷயம் பெரியது.

“நான் சரித்திரம் படிப்பிச்ச மனுசன், சீனித்தம்பி. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. அமெரிக்காவில சனாதிபதித் தேர்தல். சனம் ஒருத்தருக்குக் கூடுதலா வோட்டுப் போட்டுது. மற்றவர் சனாதிபதியானார். நாடு இடிஞ்சு விழுந்ததோ? இல்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பினது.”

“அதுக்கு இடையில தொண்ணூறு வருசம் கிடந்த, மாஸ்டர்.”

“அதைத்தான் சொல்லுறன். பொறுமை வேணும். அவையள் என்ன செய்தவை? சனம் நேரே தலைவரைத் தெரிவுசெய்யிறேல்லை. சனம் தெரிவாளரைத் தெரிவுசெய்யும். தெரிவாளர் கூடித் தலைவரைத் தெரிவுசெய்வினம். சனம் நேரே தெரிவுசெய்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். சனத்துக்குப் பிடிச்ச ஆளெல்லோ வந்திடுவார்!”

சீனித்தம்பி துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்குகிற வேலை. மட்டக்களப்பு ஆள். போன இலையுதிர் காலத்துக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்தவர்கள் சங்கத்தில் பெருகிவிட்டார்கள். தலையை எண்ணினால் சீனித்தம்பிதான் தலைவர். இதை முதலில் எண்ணிப் பார்த்தவர் மாஸ்ரர். எண்ணிய அன்றைக்குத்தான் அவருக்கு எழுபத்தாறாம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை துறைமுகத்தில் கப்பல் வந்து, கிழக்குப் பக்கத்து ஆண்கள் எல்லாரும் மேலதிக வேலைக்குப் போயிருந்த வேளையில், யாப்புத் திருத்தம் நிறைவேறியது. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தும்படி கேட்கப்பட்டார்கள். அன்றைக்குச் சூடேற்றி வேலை செய்யவில்லை. குளிருக்குக் கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று பதியப்பட்டது.

ஊருக்கு ஒரு தெரிவாளர். அதுதான் சட்டம். யாழ்ப்பாணத்துக்குள்ளே ஒழுங்கை ஒழுங்கையாக ஊர் கண்டுபிடிக்கப்பட்டது. மட்டக்களப்பு முழுவதும் ஒரு ஊர்.

“வாவிக்கு அங்கால, இங்கால எல்லாம் ஒரே ஊரா மாஸ்டர்?” என்று அடுத்த கிழமை சீனித்தம்பி துள்ளினார்.

“நியூயோர்க்கும் ஒரு மாநிலம்தான், தம்பி. அது துள்ளேல்லையே.”

செயலாளர் இரவிச்சந்திரன் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தான். பேசாலைக்கு ஆள் இருந்தது. வங்காலை என்றதும் ஒரு கையும் எழும்பவில்லை.

“வங்காலைக்கு ஒருத்தரும் இல்லையோ?”

“உந்தப் பிள்ளை பாக்கிற அக்கா இருக்கிறா.”

திரேசம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் கஞ்சிக் கரண்டியோடு வந்து நின்றாள். மாஸ்ரர் எழுந்து நின்றார். அவர் அவளுக்கு எழுந்து நின்றது அதுதான் முதல்தரம்.

“திரேசம்மா, இண்டைக்குத் தொடக்கம் நீங்கள் ஒரு மாநிலம்.”

“எனக்கு அடுப்பில கஞ்சி கிடக்கு, மாஸ்ரர்.”

“மாநிலம் எண்டால் விளங்குதோ? வங்காலையின்ர முழுக் குரலும் நீங்கள்தான்.”

“வங்காலையில நிறையச் சனம் இருக்கு, மாஸ்ரர். அவையள் என்னை ஒண்டும் கேக்கச் சொல்லி அனுப்பேல்லை.”

கைதட்டினார்கள். திரேசம்மா போய்க் கஞ்சியை இறக்கினாள். யாராவது காரணம் சொல்லாமல் மரியாதை தந்தால் முதலில் கைப்பையைத் தொட்டுப் பார்க்கிற பெண் அவள். இராணுவச் சோதனைச் சாவடியில் ‘அம்மா, போங்கோ’ என்று சிரித்தவன்தான் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் தராதவன்.

“என்ன அக்கா, உங்களையும் கல்லூரிக்கு எடுத்திட்டாங்களாம்?” என்று கேட்டாள் கிளி, மகனை ஏந்திக்கொண்டு. கிளி மட்டக்களப்புப் பெண். புருஷன் இன்னும் பாங்கொக்கில் விமானத்துக்குக் காத்திருக்கிறான். “தெரிவாளர் கல்லூரி எண்டுதான் பேராம். ஓ-லெவல் பாஸ் பண்ணியிரிக்கணுமா?”

“பாஸ் பண்ணாத ஆக்கள் எண்டுதான் எடுத்திருக்கினம் போல கிடக்கு.”

“சிரிக்காதீங்க அக்கா. இந்த அறை போனா நான் என்ன செய்யிற? புள்ளையோட ஒருநாள் போய் நிண்டதுக்கே சூப்பர்வைசர் எலிசா மெசினக் காட்டி, இன்னொருக்கா எண்டா இதில வேற ஆள் இருக்கும் எண்டுட்டா.”

திரேசம்மா சிரிக்கவில்லை.

அந்தக் கிழமையே விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவள் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மாஸ்ரரும் மனைவி சிவநேசமும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். கையில் பயற்றம் பணியாரம். இந்தச் சிவநேசம், மெட்ரோவில் திரேசம்மாவுக்கு எதிரே உட்கார நேர்ந்தால், இறங்கும்வரை தலைக்கு மேலிருக்கும் சவர்க்கார விளம்பரத்தைப் பாடமாக்குகிறவள்.

“உங்களை எனக்கு எப்பவும் பிடிக்கும், திரேசம்மா,” என்றாள்.

“எப்ப தொடக்கம், அக்கா?”

மாஸ்ரர் குறுக்கிட்டார். “ஒரு மாநிலத்தை ஆரும் வற்புறுத்தேலாது. அதுதான் இந்த முறையின்ர அழகு. நீங்கள் ஆறுதலா இருந்து, நல்லா யோசிச்சு, சுயமா முடிவெடுத்து எனக்குப் போடுங்கோ.”

“அப்ப அறை?”

“எந்த அறை?”

“பிள்ளையள் படுக்கிற அறை.”

“அதைப் பற்றி ஒரு உபகுழு யோசிக்கும்.”

“உபகுழுவில ஆர்?”

“நான்.”

“வேற?”

“இவ.”

சிவநேசம் தலையை ஆட்டினாள். உபகுழு ஏகமனதாக இருந்தது.

சீனித்தம்பி வீட்டுக்கு வரவில்லை. நேரே அறைக்கே வந்தார். வாழைப்பழச் சீப்பொன்றைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தார். தன் தலையில் தானே கையை அடித்தார். “அக்கா, நான் தலைவரா வந்தா இந்த அறை புள்ளையளுக்குத்தான். சத்தியம். கிளி, நீயும் கேட்டுக்கோ புள்ள.”

சத்தியம் பண்ணுகிறபோதே அவருடைய கண் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய், நீளத்தைப் பார்த்து, திரும்பி அகலத்தைப் பார்த்தது.

“என்ன பாக்கிறியள், தம்பி?”

“ஒண்டுமில்லக்கா. நல்ல வெளிச்சம் இரிக்கி. இதில ஒரு கரம் போர்ட் போட்டா… புள்ளையளுக்கு.”

“பிள்ளையளுக்கு மூண்டு வயசு.”

“வளருவாங்கதானே.”

அவர் போன பிறகு கிளி கேட்டாள்: “ரெண்டு பேர்ல ஆரை நம்புற அக்கா?”

“ஒருத்தரையும் நம்பேல்லை. ஆனா சீனித்தம்பி வாயைத் திறந்து சத்தியம் பண்ணினவர். பேந்து பொய்யெண்டு கண்டால் பிடிச்சு இழுக்க ஒரு வாலாவது கிடக்கு. மாஸ்ரரிட்ட உபகுழுதான் கிடக்கு.”

தேர்தல் நாளில் முதலில் சனம் வாக்களித்தது. சீனித்தம்பிக்கு விழுந்த வாக்குகள் பெட்டிக்கு வெளியே வழிந்தன. மாஸ்ரருக்கு விழுந்தவை பெட்டியின் அடியில் கிடந்தன. மாஸ்ரர்தான் முதலில் எழுந்து கைகொடுத்தார்.

“சனத்தின்ர விருப்பம் என்ன எண்டு தெளிவாத் தெரிஞ்சிட்டுது. அது கூட்டக் குறிப்பில பதியப்படும். இனித் தேர்தலுக்கு வருவம்.”

தெரிவாளர்கள் வட்டமாக அமர்ந்தார்கள். ஊரின் பெயரைச் சொல்ல, அந்த ஊர் எழுந்து நின்று சொல்லவேண்டும். மட்டக்களப்பு சீனித்தம்பி என்றது. திருகோணமலையும் அப்படியே. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்கள் சில, மாஸ்ரருடைய பழைய மாணவர்கள் இருந்த ஊர்கள், சீனித்தம்பி என்றன. அவரிடம் படித்ததே காரணம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மற்ற ஊர்கள் மாஸ்ரர் என்றன. எண்ணிப் பார்த்தால் சரிக்குச் சரி. மிச்சமிருந்தது வங்காலை.

திரேசம்மா எழுந்து நின்றாள். வாழ்நாளில் எந்தத் தேர்தலிலும் அவள் போட்ட வாக்கால் எதுவும் நடந்ததில்லை. ஆகவே நடக்கப்போகிறதென்றால் அதிலே ஏதோ சூது இருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

“சீனித்தம்பி,” என்றாள்.

மட்டக்களப்பு எழும்பிக் கைதட்ட முதலே இரவிச்சந்திரன் எழும்பிவிட்டான். “ஒழுங்குப் பிரச்சினை! வங்காலையிலயிருந்து இன்னொரு முடிவும் வந்திருக்கு.”

“வங்காலையில நான் மட்டும்தானே?” என்றாள் திரேசம்மா.

பின்வரிசையிலிருந்து மரியதாசன் மெல்ல எழுந்தார். பாசையூர்க்காரர். பாசையூருக்கு வேறு தெரிவாளர் இருந்ததால் அதுவரைக்கும் சும்மா வந்திருந்தவர். “வங்காலை… பேரின்பநாயகம் மாஸ்ரருக்கு,” என்றார், செருப்பைப் பார்த்தபடி.

மண்டபம் கொதித்தது. மாஸ்ரர் மட்டும் அமைதியாக இருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“எழுபத்தாறிலயும் இதேதான்! ஒரே மாநிலத்திலயிருந்து ரெண்டு முடிவு! அப்படியே நடக்குது, அப்படியே!” என்று பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “அங்கை என்ன செய்தவை? ஆணைக்குழு அமைச்சவை. நாங்களும் அமைப்பம்.”

ஊர் நிர்ணய ஆணைக்குழுவுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். நடுவிலே ஒரு நடுநிலையாளர்: ஹென்றி. இரண்டு பக்கத்துக்கும் அவரைப் பிடிக்காது, அதனால் நடுநிலையாளர். விசாரணை தொடங்க முந்தின நாள் ஹென்றிக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், வேளாண்மைக் கல்லூரி வளாகத்துச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. தீவின் அடுத்த முனை. வாறதுக்கும் போறதுக்குமே பொழுது சரியாகிவிடும் என்று விலகிக்கொண்டார்.

“வேலை எடுத்துத் தந்தது ஆர், ஹென்றி அண்ணை?” என்று திரேசம்மா கேட்டாள்.

“மாஸ்ரர்தான். தனக்கு அங்கை ஒராளைத் தெரியும் எண்டவர். நல்ல மனுசன்.”

“அங்கையும் நடுநிலை நீதவான் ஒருத்தர் வேற பதவி கிடைச்சு விலகினவர்,” என்றார் மாஸ்ரர், பரவசம் குறையாமல். ஹென்றியின் இடத்துக்குச் சிவநேசம் நியமிக்கப்பட்டாள். “அவ என்ர மனுசி எண்டது ஒரு தற்செயல்,” என்று அவரே எழுந்து சொன்னார். ஒளிவுமறைவில்லாத சங்கம்.

விசாரணையில் இரவிச்சந்திரன் கேட்டான். ஆணைக்குழுவிலும் அவன் இருந்தான், அதன் முன்னால் வழக்கை நடத்தியதும் அவன்தான்; ஆட்பற்றாக்குறை.

“நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்?”

“பேசாலையில.”

“ஆ!” ஆணைக்குழு எழுதிக்கொண்டது.

“என்ன ஆ? அம்மாவின்ர தாய்வீடு பேசாலை. தலைப்பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போகாமல் வேற எங்கை போறது? பெத்து, உடம்பு தேற, வங்காலைக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டினம்.”

“ஞானஸ்நானம்?”

“பேசாலைக் கோயில்ல.”

“ஆ!”

“தம்பி, இந்தக் கணக்கில பார்த்தா இஞ்ச இருக்கிற மூத்த பிள்ளையள் எல்லாருக்கும் தாயின்ர ஊர்தான் ஊர்.”

ஆணைக்குழுவில் மூத்த பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் பேனையை நிறுத்தினார்கள். ஒருவருடைய தாய்வீடு மட்டக்களப்பில் இருந்தது போலிருக்கிறது. அவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பதில் வைத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்து மரியதாசன். அவருடைய மனைவி வங்காலை. கலியாணம் முடித்து, வழக்கப்படி மனைவி வீட்டில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார்.

“ஆம்பிளைக்குக் கலியாணத்துக்குப் பிறகு மனுசியின்ர ஊர்தானே ஊர்?” என்று இரவிச்சந்திரன் எடுத்துக் கொடுத்தான்.

“ஓம்.”

“அப்ப நீங்கள் வங்காலை. எப்ப தொடக்கம்?”

மரியதாசன் விழித்தார். “எப்ப தொடக்கம், தம்பி?”

திரேசம்மா கையை உயர்த்தினாள். “நானும் ஒரு கேள்வி கேக்கலாமோ? மாஸ்ரர் எங்கை பிறந்தவர்?”

மண்டபம் மாஸ்ரரைப் பார்த்தது. மாஸ்ரர் சிவநேசத்தைப் பார்த்தார்.

“சிரம்பான்,” என்றார்.

“அது எங்கட ஆக்களின்ர ஊரோ?”

“மலாயா. அப்பா அங்கை றெயில்வேயில ஸ்டேசன் மாஸ்ரர்.”

“அப்ப நீங்கள் மலாயாவின்ர தெரிவாளரோ?”

“திரேசம்மா, பிறப்பு எண்டுறது ஒரு தற்செயல்.”

“எனக்கு?”

“உங்களுக்கு அது சான்று.”

தீர்ப்பு அடுத்த கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கிழமைக்குள் ஒருநாள் கிளி வேலை முடிந்து ஓடி வந்தாள், பிள்ளையைத் தூக்கக்கூட மறந்து.

“அக்கா, பஸ்ஸில வரக்குள்ள கண்டன். டோனட் கடைக்குள்ள, யன்னல் பக்கம், மாஸ்டரும் சீனித்தம்பி அண்ணனும். ஒரே மேசையில.”

“சண்டையோ?”

“இல்ல. சீனித்தம்பி அண்ணன் டோனட்டப் பாதியாப் பிச்சு மாஸ்டருக்குக் குடுத்தவர்.”

“மாஸ்ரர் வாங்கினவரோ?”

“வாங்கித் திண்டவர்.”

திரேசம்மா மடித்துக்கொண்டிருந்த பிள்ளைச் சட்டையை மடியில் வைத்தாள். மாஸ்ரருக்குச் சீனி வருத்தம். வீட்டில் தேநீருக்கே சீனி போடாத மனிதர்.

“அப்ப பெரிய விஷயம் ஏதோ முடிஞ்சுது, பிள்ளை,” என்றாள்.

முடிந்துதான் இருந்தது. தீர்ப்பு நாளன்று, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், மரியதாசனே வங்காலை என்று ஆணைக்குழு கண்டது. திரேசம்மா பேசாலை, பேசாலைக்கு ஏற்கெனவே தெரிவாளர் இருப்பதால் அவள் சங்கத்துக்கு மிகை. மட்டக்களப்புக்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். அவர்களை இருக்கச் சொல்லிக் கையமர்த்தியவர் சீனித்தம்பி.

“தமிழன் தமிழனோட மோதப்படாது,” என்றார். “நான் தோக்கல்ல. ஒற்றுமைக்காக விட்டுக்குடுத்த. மாஸ்டரும் பெரிய மனசு பண்ணி, துணைத் தலைவர் எண்டு ஒரு பதவிய உண்டாக்கித் தந்திரிக்கார். கல, விளையாட்டு, எல்லாம் என்ட பொறுப்பு.”

கிளி நேரே அவர் முன்னால் போய் நின்றாள். “அண்ண, அறைக்குச் சத்தியம் பண்ணினீங்க.”

“தலைவரா வந்தா எண்டுதானே சத்தியம் பண்ணின, புள்ள? வந்தனா?”

சின்ன அறையின் எதிர்காலம் அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. காலையில் தலைவர் அலுவலகம். பின்னேரம் கரம் அரங்கு. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு ஓர் உபகுழு.

பதவியேற்பு மார்ச் ஐந்தாம் தேதி. அமெரிக்காவில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழில் நான்காம் தேதி ஞாயிறாக இருந்ததால் ஐந்தாம் தேதிக்குப் போட்டார்களாம். ஆகவே இங்கும் ஐந்து. இந்த வருடம் ஐந்தாம் தேதி புதன்கிழமை என்றும், புதன்கிழமை காலையில் சங்கத்து உறுப்பினர் எல்லாரும் வேலையில் நிற்பார்கள் என்றும் யாரோ சொல்லிப் பார்த்தார்கள்.

“சரித்திரம் ஆற்றையும் ஷிப்ற்றைப் பாத்து நடக்கிறேல்லை,” என்றார் மாஸ்ரர்.

ஐந்தாம் தேதி காலை வெளியே பனி கொட்டியது. மண்டபத்தில் நூறு கதிரை. சிவநேசம் பட்டுச் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சீனித்தம்பி துறைமுகத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மரியதாசன், வங்காலை சார்பில், வந்திருந்தார். மற்ற எல்லாக் கதிரையும் காலி. படப்பிடிப்பாளனாகவும் இருந்த இரவிச்சந்திரன், கமராவுக்குள் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“முன்வரிசையாவது நிரம்பவேணும், மாஸ்ரர். திரேசம்மாக்கா, உங்கட பிள்ளையளைக் கொண்டுவந்து இருத்துங்கோ.”

அப்படித்தான் மொன்றியல் மாநகர் வாழ் ஈழத்தமிழர் அனைத்துக் கிராம ஒருங்கிணைப்புச் சங்கத்தின் முன்வரிசையில், கால் நிலத்தில் எட்டாத பொதுமக்கள் அமர்ந்தார்கள். ஒருவர் கதிரையை நனைத்தார். ஒருவர் ‘போன்ஜூர்’ என்று மாஸ்ரருக்குக் கை காட்டினார். சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது இன்னொருவர் அழுதார். உணர்ச்சிப் பெருக்கு என்று இரவிச்சந்திரன் அதையும் படம் எடுத்தான்.

கிளியும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று கார்டெறிப் படி ஏறி இறங்கிவிட்டு, கோட்டைக் கழற்றாமல் கதவோரம் வந்து நின்றாள். திரேசம்மா திரும்பிப் பார்த்தாள். கிளி உதட்டைப் பிதுக்கினாள்.

“நாளைக்கு?” என்று திரேசம்மா மெல்லக் கேட்டாள்.

“நாளைக்குப் புள்ளையோட போய் நிப்பன். எலிசா வாசல்லயே திருப்பி அனுப்புவா. மறுகா என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியா, அக்கா.”

மேடையில் மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். உரை நீளமானது. தன் பொறுமையைப் பற்றிச் சொன்னார், சீனித்தம்பியின் பெருந்தன்மையைப் பற்றிச் சொன்னார், வராத சனத்தின் பேராதரவைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

“எழுபத்தேழிலயும் இப்படித்தான், பெரியோர்களே. நாடு ரெண்டாப் பிரியிற நிலைமை. ரெண்டு பக்கத்தாலயும் பெரிய மனுசர் ஒரு ஹோட்டல் அறையில இருந்து கதைச்சினம். வோட்டுக் குறைஞ்சவருக்குக் கதிரை. அதுக்குப் பதிலா மற்றப் பக்கத்தார் என்ன கேட்டவை? சின்ன விஷயம். தெற்கு மாநிலங்களில, அடிமை விலங்கு கழண்ட கறுப்புச் சனத்துக்குக் காவலாக் கொஞ்சப் பட்டாளம் நிண்டது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டவை. எடுத்துவிட்டினம். அவ்வளவுதான். பட்டாளம் வெளியேறுறது எவ்வளவு நல்ல விஷயம் எண்டு எங்களுக்குச் சொல்லவேணுமோ? எல்லாருக்கும் திருப்தி. அதே ஒற்றுமையோட, இண்டைக்கு இந்தச் சின்ன அறையின்ர சாவியை…”

சிவநேசம் கைதட்டினாள். சீனித்தம்பியும் தட்டினார். மாஸ்ரர் மேடையிலிருந்து இறங்கி வந்து, கமரா பார்க்கக்கூடியதாகக் கையை நீட்டினார்.

திரேசம்மா எழுந்தாள். கிளியின் மகன் அவள் இடுப்பில் நித்திரையாகிப்போயிருந்தான். சாவி அவளுடைய கையில்தான் இருந்தது. கையை நீட்டினாள், ஆனால் விரல்களை விரிக்கவில்லை.

“ஒரு சந்தேகம்,” என்றாள்.

“கேளுங்கோ, கேளுங்கோ,” என்றார் மாஸ்ரர், கமராவைப் பார்த்துச் சிரித்தபடி. “கேள்வி கேக்கிற சனம்தான் ஜனநாயகத்தின்ர பலம்.”

“காவலுக்கு நிண்டவை போனாப் பிறகு, அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது, மாஸ்ரர்?”